தேகாப்பியாசத்துக்கு ஏடா, திரையா?

மலைநகரில் வாழ்வோருக்குத் தனியே தேகாப்பியாசம் எதற்கு என்று வெளியூர் அன்பர்கள் கேட்பதுண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், ஏற்றமும் இறக்கமுமாய்க் கிடக்கும் கண்டியிலே கடைக்குச் சென்று மீள்வதே ஒரு பயிற்சியன்றோ என்பது அவர்கள் எண்ணம். முன்னாளில் அது மெய்யாக இருந்திருக்கலாம். இன்றோ வாசலில் முச்சக்கர வண்டி வந்து நிற்கிறது. பிள்ளைகளைப் பாடசாலை வண்டி ஏற்றிச் செல்கிறது. அலுவலகத்தில் நாள் முழுதும் நாற்காலி நம்மைத் தாங்குகிறது. கண்டி வாவியை ஒரு முறை சுற்றினால் 3 கிலோமீற்றருக்குக் குறையாமல் நடக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் கட்டுகஸ்தோட்டையிலோ கலஹாவிலோ குடியிருப்பவர் விடியற்காலையில் வாவிக்கரைக்கு வந்து சேர்வது எங்ஙனம்? மாலையானால் மழை, மழை ஓய்ந்தால் இருள். ஆகவே வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்ய வழி தேடுவோர் பலராயினர்.

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது அவ்விருப்பம் தேவையாகவே மாறியது. கைத்தொலைபேசியைச் சுவரோரம் சாய்த்து வைத்து, அதில் தோன்றுபவரைப் பார்த்துக் கையையும் காலையும் அசைக்கும் வழக்கம் அந்நாட்களில் நம் வீடுகளிற் புகுந்தது. ஊரடங்கு நீங்கிற்று, வழக்கம் நிலைத்தது. அதனோடு ஒரு வினாவும் நிலைத்துவிட்டது. அச்சிட்ட நூலும் படத்தாளும் இனி எதற்கு, திரை ஒன்றே போதாதா என்பர் இளையோர். திரையை நம்பிக் கெட்டோம், பழைய நூலே மேல் என்பர் மூத்தோர். இரு தரப்பையும் நடுநிலையில் நின்று எடைபோட்டுப் பார்ப்போம்.

ஏட்டின் வலிமை

நூலைத் துணையாகக் கொண்டு வீட்டிலேயே உடலைப் பேணும் முறை புதியதன்று. படத்தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னே நின்ற 'சாண்டோ' என்னும் சொல்லை அறியாத தமிழர் மிகச் சிலரே. பிரஷ்ய நாட்டிற் பிறந்த யூஜின் சாண்டோ என்ற பலசாலியின் பெயரே அது. பலம் பெறும் வழியைப் பற்றி 1897இல் அவர் வெளியிட்ட நூல், பயிற்சிக்கூடத்தின் வாசலை மிதியாதவருக்கும் ஆசானாயிற்று. 1904இல் டென்மார்க் நாட்டினரான மியுல்லர், நாளொன்றுக்கு 15 நிமிடம் போதும் என்று கூறி ஒரு நூல் எழுதினார்; அது பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. 1938இல் அவுந்து சமஸ்தானத்து அரசர் சூரிய நமஸ்காரத்தை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார்.

இவ்வரிசையில் நாம் விரிவாக நோக்கத் தக்கது கனடிய அரச வான்படையின் சிறு நூலாகும். வட துருவத்தை அடுத்த தொலைதூர முகாம்களிற் பணியாற்றிய வீரர்களுக்குப் பயிற்சிக்கூடமும் இல்லை, கருவிகளும் இல்லை. அவர்களையும் மனத்திற் கொண்டு 1950களின் பிற்பகுதியில் பில் ஓர்பன் என்பவர் ஒரு திட்டம் வகுத்தார். ஆடவருக்கு 5 பயிற்சிகள், 11 நிமிடம். பின்னர் மகளிருக்கென வந்த திட்டத்தில் 10 பயிற்சிகள், 12 நிமிடம். ஓர் ஆள் நிற்கவும் படுக்கவும் இடம் இருந்தாற் போதும். இத்திட்டத்தின் உயிர்நாடி அதன் அட்டவணையே. இன்று எத்தனை முறை செய்வது, அடுத்த படிக்கு எப்போது ஏறுவது, தம் வயதுக்கு எந்தப் படியோடு அமைவது என்பன யாவும் அதில் வரையறுக்கப்பட்டிருந்தன. ஏட்டின் வலிமை இதுவே. தொடக்கத்தையும் முடிவையும் ஒரே பார்வையில் அது காட்டிவிடுகிறது. நாம் எவ்விடத்தில் நிற்கிறோம் என்பதைப் பென்சிலால் ஒரு கோடிட்டுக் கண்டுகொள்ளலாம்.

வாசிப்பைப் பற்றிய ஆராய்ச்சியும் ஏட்டுக்குச் சற்றே சார்பாக நிற்கிறது. 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஒரு மீளாய்வு, 1,70,000க்கு மேற்பட்டோரைப் பற்றிய முடிவுகளை ஒப்புநோக்கியது. விளக்க உரைகளைத் திரையிற் படித்தோரைவிடத் தாளிற் படித்தோர் பொருளைச் சற்று நன்றாக உணர்ந்தனர் என்றும், நேரக் கட்டுப்பாடு இருந்தபோது இவ்வேறுபாடு மிகுந்தது என்றும் அது கண்டது. அவ்வாராய்ச்சி கல்வியைப் பற்றியதேயன்றித் தேகாப்பியாசத்தைப் பற்றியதன்று. எனினும் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் கருத்திற் கொள்ளத் தக்கது.

ஏட்டுக்குக் குறையும் உண்டு. மேற்கூறிய கனடிய நூலில், கால்களை நீட்டிப் படுத்தவாறே உடலை முழுதும் நிமிர்த்தி எழும் பயிற்சி ஒன்று இடம்பெற்றது. அது முதுகுக்கு நல்லதன்று என்ற கண்டனம் பின்னாளில் எழுந்தது. அலமாரியில் உறங்கும் பழைய பிரதி அதனை அறியுமா? அச்சேறிய பிழை மறுபதிப்பு வரும்வரை திருந்துவதில்லை. அன்றியும், படம் தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் மட்டுமே காட்டும். தண்டால் எடுக்கும்போது இடுப்புத் தொய்யலாமா, தோப்புக்கரணம் போடும்போது முழங்கால் எத்திசை நோக்க வேண்டும், மூச்சை எப்போது விடுவது என்பனவெல்லாம் இரு படங்களுக்கும் நடுவேயுள்ள வெற்றிடத்தில் மறைந்துவிடுகின்றன.

திரையின் திறன்

அவ்வெற்றிடத்தை நிரப்புவதே திரையின் பெருமை. அசைவை அசைவாகவே அது காட்டுகிறது. விளங்காத இடத்தை நிறுத்தி மீண்டும் பார்க்கலாம். எழுத்தறியாத பாட்டியாருக்கும், கண்ணொளி மங்கிய தாத்தாவுக்கும் குரல் வழி காட்டுகிறது. நேரத்தை எண்ணி மணியடித்து அறிவிக்கிறது. பிழை கண்டால் அன்றே திருத்தி வெளியிடலாம். தமிழில் விளக்கும் காணொளிகளும் இன்று தாராளமாய்க் கிடைக்கின்றன. இவற்றை மறுப்பது நேர்மையாகாது.

எனினும் திரையிற் செய்து காட்டுபவர் தம் வேகத்தில் ஓடுகிறார். அவர் இருபது எண்ணும்போது நாமும் இருபது எண்ண வேண்டும் என்ற துடிப்பில், பத்திலேயே நிற்க வேண்டிய உடலை இழுத்துச் செல்கிறோம். ஒன்று முடிந்ததும் மற்றொன்று தானே தோன்றுகிறது. நேற்றுச் செய்தது எது, நாளை செய்ய வேண்டியது எது என்ற ஒழுங்கு அகன்றுவிடுகிறது. உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவன் பத்து நிமிடப் பயிற்சிக்கென்று கைத்தொலைபேசியைத் திறக்கிறான். நண்பனின் செய்தி வருகிறது. கிரிக்கெட் நிலவரம் வருகிறது. ஒரு மணி நேரம் கழிகிறது, உடம்பு வியர்க்கவில்லை.

தொலைந்த எச்சரிக்கை

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. 2013இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. ஒரு நாற்காலியும் சுவரும் கொண்டு செய்யக்கூடிய 12 பயிற்சிகள். ஒவ்வொன்றும் 30 வினாடி. இடையே 10 வினாடி ஓய்வு. செய்தித்தாள் அதனை எடுத்துரைத்தது. 'ஏழு நிமிடப் பயிற்சி' என்ற பெயருடன் எத்தனையோ செயலிகள் புறப்பட்டன. ஆனால் மூலக் கட்டுரை வேறு சிலவும் கூறியிருந்தது. அச்சுற்றை இருமுறை மும்முறை செய்யலாம் என்றது. சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் இருப்பதுபோல் அசையாது நிற்றல், முழங்கையூன்றிப் பலகைபோல் உடலைத் தாங்குதல் ஆகியவை இரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர்களுக்குப் பரிந்துரைக்கத் தக்கவையல்ல என்றும் அறிவுறுத்தியது. பெயரும் மணியோசையும் பரவிய அளவுக்கு அவ்வெச்சரிக்கை பரவவில்லை. நம் குடும்பங்களில் நாற்பதைக் கடந்தவர்களுள் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்குவோரை எண்ணிப் பார்த்தால், விடுபட்ட அவ்வொரு வாக்கியத்தின் விலை விளங்கும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றனர் முன்னோர். திரைச் சுரைக்காயும் அவ்வாறே. ஏடு நம்மைப் பார்ப்பதில்லை. காணொளியும் நம்மைப் பார்ப்பதில்லை. நம் முழங்கால் வலியை இரண்டும் அறியா.

யாருக்கான வழிகாட்டி?

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமுமான லயன் அறையில் ஒரு குடும்பம். வீட்டிலுள்ள ஒரே கைத்தொலைபேசி காலையில் தந்தையோடு வெளியேறிவிடும். மாலையில் பிள்ளையின் பாடத்துக்குப் போய்விடும். தாயின் கைக்கு அது வருவதே அரிது. பகலெல்லாம் சரிவில் நின்று, முன்குனிந்து கொழுந்து பறித்தவளுக்கு, மேலும் குனிந்து நிமிரச் சொல்லும் காணொளியால் என்ன பயன்? அவளுக்கு வேண்டுவது முதுகையும் தோளையும் இளக்கி ஆறுதல் தரும் சில அசைவுகள். நகரத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவனுக்கு எழுதப்பட்ட நூலும் அவளுக்குப் பொருந்தாது. அவளுடைய உடலைப் பார்த்து, அவளுக்கென்றே நாலைந்து பயிற்சிகளைத் தேர்ந்து, ஒரு தாளில் எழுதிக் கொடுக்கக்கூடியவர் வைத்தியசாலையிலுள்ள இயன்மருத்துவரே. அத்தாளைச் சுவரில் ஒட்டினால் எவருடைய அனுமதியும் மின்னூட்டமும் இன்றி அது அவளுக்குப் பணி செய்யும்.

இரண்டில் ஒன்றை மட்டும் நம்பியிருத்தல் கூடாது என்பதை 2022ஆம் ஆண்டு நமக்கு உணர்த்தியது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு, திரைகள் இருண்டன. அதே மாதத்தில் காகிதத் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. 'த ஐலண்ட்', 'திவயின' ஆகிய நாளேடுகளின் சனிக்கிழமை அச்சுப் பதிப்பும் நின்றது. ஏடும் திரையும் ஒருங்கே கைவிட்ட அம்மாதத்தில், பயிற்சியைத் தம் உடம்பிலே எழுதி வைத்திருந்தவர் எதனையும் இழக்கவில்லை.

ஜப்பானியரின் வழக்கம் இங்கு நினைவுகூரத் தக்கது. 1928இல் தொடங்கி அந்நாட்டு வானொலி காலைதோறும் தேகாப்பியாசத்தை ஒலிபரப்பி வருகிறது. வானொலியிற் படம் ஏது? பாடசாலையிலேயே அசைவுகளைக் கற்றுக்கொண்டமையால், இசையும் எண்ணிக்கையும் கேட்ட மாத்திரத்தில் கைகால்கள் தாமே இயங்குகின்றன. கற்பது ஒரு காரியம், நாள்தோறும் செய்வது வேறொரு காரியம் என்பதே இதன் பாடம். கற்பதற்குத் திரை சிறந்தது. செய்வதற்குத் தாள் சிறந்தது. நிலைபெற்றபின் இரண்டும் வேண்டா.

ஓர் அப்பியாசக் கொப்பி

ஆகவே வாசக நேயர்களுக்கு நாம் கூறும் முறை இது. நோயுள்ளவர்களும் நாற்பதைக் கடந்தவர்களும் முதலில் வைத்தியரைக் கலந்துகொள்க. பின்னர் ஐந்தாறு பயிற்சிகளுக்கு மேற்படாமல் தேர்ந்துகொள்க. அவற்றின் காணொளியை, உடலை அசையாது, இரண்டு மூன்று முறை ஆறவமர்ந்து பாருங்கள். செய்து காட்டுபவர் யார், அவருக்குள்ள தகைமை யாது என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து, பாடசாலைப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின் பெயர், எத்தனை முறை, எவ்வளவு ஓய்வு, எதனைச் செய்யலாகாது ஆகிய நான்கையும் உங்கள் கையாலேயே தமிழில் எழுதுங்கள். எச்சரிக்கையைச் சிவப்பு மையில் எழுதுவது நன்று. கைத்தொலைபேசியை மற்றோர் அறையில் வைத்துவிட்டு அப்பக்கத்தைப் பார்த்தே பயிலுங்கள். செய்த நாளுக்கு ஒரு கோடிடுங்கள். திங்களுக்கு ஒருமுறை வீட்டிலுள்ள ஒருவரை அருகே நிறுத்தி, காணொளியோடு உங்கள் அசைவை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏட்டுக்கும் திரைக்கும் இல்லாத கண் அவருக்கு உண்டு. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அக்கணமே நிறுத்துங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த அளவையும் கொப்பியின் தலைப்பிற் குறித்து வைக்கலாம். வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு. தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி இரண்டு நாளேனும். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடம். 65ஐக் கடந்தவர்களுக்கு விழாது நிற்க உதவும் சமநிலைப் பயிற்சி வாரத்தில் மூன்று நாள். வாவிக்கரை நடையும், மலைப்படி ஏற்றமும் இக்கணக்கிற் சேரும்.

இன்னும் ஒன்று. அப்பக்கத்தை முதலில் எழுத வேண்டியது வீட்டில் மிகக் குறைவாகத் தம்மைக் கவனித்துக்கொள்பவருக்காகும். பெரும்பாலும் அவர் அன்னையாகவே இருப்பார். பிள்ளைகள் காணொளியைப் பார்த்து அவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அவர் செய்வதை அருகிருந்து பார்க்கட்டும். இந்த ஞாயிறு மாலை மழை பெய்து வெளியே செல்ல இயலாது போனால், அதுவே நல்ல தருணம்.