எருமை நாக்கு

"கட்டுமரம்" என்ற நம் சொல்லை ஆங்கிலேயர் தங்கள் அகராதியில் சேர்த்துக் கொண்ட கதை நேயர்களுக்குத் தெரிந்ததே. அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டு நமக்கு அலுத்தும் போய்விட்டது. ஆனால் அதே கடற்கரையிலிருந்து புறப்பட்டு லத்தீன் பாஷையில் குடியேறிய இன்னொரு தமிழ்ச் சொல் உண்டு என்பதைச் சிலரே அறிவர். ஜப்பானியராயினும் சரி, ஜெர்மானியராயினும் சரி, பிராணி நூலார் ஒரு குறிப்பிட்ட மீனைப் பற்றி எழுத நேர்ந்தால், தமிழில் "எருமை" என்று சொல்லியே தீரவேண்டும். அந்த மீனின் சாஸ்திரப் பெயர் "செட்டோடெஸ் எருமெய்". நம் கரையோர ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் எருமை நாக்கு.

சைவ நேயர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாமென்று கேட்டுக் கொள்கிறோம். இந்த வாரம் நாம் பேச வந்தது சமையலைப் பற்றி அன்று. ஒரு பெயரைப் பற்றியும், அதை வைத்தவர்களுடைய அறிவைப் பற்றியும், அந்த அறிவுக்கு இன்று நேர்ந்திருக்கும் கதியைப் பற்றியுமே.

மாயவரத்தில் நமக்கு ஒரு வக்கீல் நண்பர் இருக்கிறார். கோர்ட்டு இல்லாத நாட்களில் தூண்டிலே அவருக்குத் துணை. மாசி மாதத்தில் ஒரு நாள் அவர் நம்மைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்றார். வாடைக் காற்று ஓய்ந்து, கடல் குளம் போலக் கிடக்கும் பருவம் அது. விடியற்காலை நாலு மணிக்கு, 1620-ம் வருஷத்தில் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு எதிரே, ஒரு சிறு பைபர் படகில் ஏறினோம். 2004-ம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் கட்டுமரங்கள் அருகி, இத்தகைய படகுகளே மிகுந்துவிட்டன. படகுக்காரர் அறுபதைத் தாண்டிய பெரியவர். நண்பருக்கு அவர் பல வருஷப் பழக்கம்.

இரண்டு மைல் போனதும் பெரியவர் இயந்திரத்தை நிறுத்தினார். கரையிலே கோட்டையின் ஒரு மூலையும், தூரத்துப் பனைகளும் ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் வரும் இடம் அது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீருக்குள் விட்டு, கையாலே அளந்து, "ஏழு பாகம்" என்றார். பிறகு குண்டைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "சேறு, இன்னும் கொஞ்சம் தெற்கே போகணும்" என்றார். சற்றுத் தெற்கே போய் மறுபடியும் தட்டினார். "இங்கே சேறும் மணலும் கலந்து கிடக்கு. இங்கேதான் படுத்திருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு கயிற்றின் நுனியால் நாற்பதடி ஆழத்துப் பூமியைப் படிக்கிற அந்த வித்தையை எந்தக் கலாசாலையும் அவருக்குக் கற்பிக்கவில்லை.

தூண்டிலில் உயிருள்ள சிறு மடவை மீனைக் கோத்து, தரையோடு தரையாக இழுபடும்படி விட்டோம். எருமை நாக்கு துரத்திப் பிடிக்கும் ஜாதி அல்ல. மணலைத் தன் மேல் போர்த்துக் கொண்டு, இரண்டு கண்களை மாத்திரம் வெளியே நீட்டி, அசையாமல் கிடக்கும். இரை மேலே வந்ததும் ஒரே பாய்ச்சல். ஆனபடியால், தூண்டில்காரன் இரையை அதன் தலைக்கு மேலே கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும்.

அரை மணிக்குப் பிறகு நண்பரின் கயிற்றில் ஒரு தட்டல். அவர் கை பரபரத்தது.

"வக்கீலையா, அவசரப்படாதீங்க! அது இன்னும் வாயிலே வச்சுக்கிட்டுத்தான் இருக்கு, முழுங்கலே. பத்து எண்ணுங்க" என்றார் பெரியவர்.

"வாய்தா வாங்குவது எனக்குப் புதிதா, பெரியவரே?" என்று நண்பர் பொறுமையாகப் பத்து எண்ணிவிட்டுச் சுண்டினார். முதலில் பாறையில் மாட்டிக் கொண்டாற்போல் ஒரு கனம். பிறகு அந்தப் பாறை தலையை உதறியது. மெள்ள மெள்ள மேலே வந்தது ஒரு முழ நீள மீன்: தட்டையாய், மேலே சேற்று நிறமாய், கீழே வெளுப்பாய், வாய் நிறையக் கூரிய பற்களுடன். சூரியன் உதித்து இரண்டு நாழிகைக்குள் நமக்கும் ஒன்று கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தியபோதுதான் விசேஷம் தெரிந்தது. ஒன்றுக்குக் கண்கள் இரண்டும் வலப் பக்கத்தில். மற்றதற்கு இரண்டும் இடப் பக்கத்தில்!

"வாதியும் பிரதிவாதியும் ஒரே படகில்" என்றார் நண்பர்.

இந்தக் கண் விஷயம் மிகவும் ஸ்வாரஸ்யமானது. தட்டை மீன்கள் யாவும் பிறக்கும்போது மற்ற மீன்களைப் போலவே, பக்கத்துக்கு ஒரு கண்ணாக, நிமிர்ந்து நீந்துகின்றன. சில வாரங்களில் ஒரு பக்கத்துக் கண் மெதுவாக உச்சந்தலையை நோக்கி நகர ஆரம்பிக்கிறது. கடைசியில் மறுபக்கத்துக் கண்ணோடு போய்ச் சேர்ந்து கொள்கிறது. பிறகு மீன் கண்ணில்லாத பக்கத்தைத் தரையிலே வைத்து, ஆயுள் முழுவதும் ஒருக்களித்துப் படுத்துவிடுகிறது. பெரும்பாலான தட்டை மீன் இனங்களில் கண் எந்தப் பக்கம் சேரும் என்பது நிச்சயம். எருமை நாக்கிலோ இடமும் வலமும் ஏறக்குறையச் சரிபாதி. அதன் நகர்ந்த கண்ணும் முழு வழி போவதில்லை. உச்சந்தலை விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. சில சமயங்களில் அது நிமிர்ந்தும் நீந்துமாம்.

இதே கண்ணை வைத்து மேனாட்டில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. 1871-ம் வருஷத்தில் மைவார்ட் என்ற ஆங்கிலேய அறிஞர் டார்வினைப் பார்த்து, "கண் கொஞ்ச தூரம் மட்டும் நகர்வதால் மீனுக்கு என்ன லாபம்? உயிர்கள் சிறுகச் சிறுக மாறுகின்றன என்ற உம்முடைய சித்தாந்தம் இங்கே எப்படிச் செல்லும்?" என்ற கருத்தில் ஆட்சேபம் கிளப்பினார். மறு வருஷமே தம் நூலின் ஆறாம் பதிப்பில் டார்வின் பதில் எழுதினார். ஆனால் முக்கியமான சாக்ஷி வந்து சேர 2008 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. சுமார் ஐந்து கோடி வருஷங்களுக்கு முந்திய கல்லாய்ச் சமைந்த மீன்களை ஆராய்ந்து, அவற்றின் கண் பாதி வழியிலேயே நிற்பதை அவ்வருஷம் ஒரு விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். இன்று உயிரோடிருக்கும் தட்டை மீன்களில் அந்தப் பழைய அமைப்புக்கு மிக நெருங்கி நிற்கும் குடும்பம் நம் எருமை நாக்கின் குடும்பந்தான்.

இனி, பெயர் லத்தீனுக்குப் போன கதை. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த ஜான் என்ற ஜெர்மன் பாதிரியார் இருந்தார். 1771-ல் வந்தவர், 1813-ல் அங்கேயே காலமானார். பிராணிகளிலும் தாவரங்களிலும் அவருக்கு அபாரமான ஈடுபாடு. கரையிலே வந்திறங்கிய மீன்களைச் சேகரித்து, பெர்லினில் இருந்த பிளாக் என்ற வைத்தியருக்கு அனுப்பி வந்தார். இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராத பிளாக், உலகத்து மீன்களையெல்லாம் நூலாக எழுதுவதைத் தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டவர். ஒரு மீன் பேரினத்துக்கு "ஜானியஸ்" என்று நண்பரின் பெயரையே வைத்தார். நம் கத்தாழை மீன்கள் சில அதைச் சேர்ந்தவை. பிளாக் 1799-ல் இறந்தார். அவர் விட்டுச் சென்ற நூலை ஷ்னைடர் என்பவர் முடித்து 1801-ல் வெளியிட்டார். அதில்தான் தரங்கம்பாடி மீன் ஒன்று "எருமெய்" என்ற பெயரோடு அச்சேறியது.

பாதிரியாரின் பெயர் நிலைத்தது. வைத்தியரின் பெயர் நிலைத்தது. அந்த மீனைப் பிடித்து வந்து, "ஐயா, இது எருமை நாக்கு" என்று சொன்ன தரங்கம்பாடிச் செம்படவர் யார்? அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆயினும் அவர் வாயிலிருந்து வந்த சொல் இருநூறு வருஷங்களுக்கு மேலாக லத்தீன் ஏட்டில் அழியாமல் இருக்கிறது.

"ஏன் எருமை?" என்று பெரியவரைக் கேட்டோம்.

"நாக்கு மீனிலே பல தினுசு இருக்குதுங்க. இது பெரிசு, கறுப்பு, சேத்திலே கிடக்கும். வேறே என்னன்னு கூப்பிடறது?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "என் பேரனுக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாதுங்க. மீனும் முன்னே மாதிரி இல்லே, பேரைச் சொல்லிக் காட்டறதுக்கு" என்று சொன்னார்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் நாம் சேர்த்தே யோசிக்க வேண்டும். கரையோரக் கடலில் இழுவைப் படகுகள் மீன் பிடிக்கலாகாது என்று 1983-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்லுகிறது. அந்தக் கரையோரக் கடல் சிறு படகுக்காரருக்கு விடப்பட்டது. இழுவை வலை கடலின் தரையையே வாரிக் கொண்டு போவது. ஆனபடியால், தரையிலே படுத்துப் பிழைக்கும் தட்டை மீனும் அதன் குஞ்சும் அதற்குத் தப்புவது கடினம். அகப்பட்ட குஞ்சுகள் கழிவு மீனாகக் குவிக்கப்பட்டுத் தீவன ஆலைக்குப் போகின்றன. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இழுவைப் படகுகளுக்குத் தடை உண்டு. 2017 முதல் அது 61 நாட்களாக நீட்டப்பட்டதும் நல்லதே. ஆனால் கரையோரச் சட்டம் ஏட்டில் இருப்பது போல் கடலிலும் இருந்தால்தான், மற்ற நாட்களில் பெரியவர் போன்றவர்களுக்குப் பிழைப்பு உண்டு. ஒரு மீன் வலைக்கு வராமற் போனால், அதன் பெயரும் சில காலத்தில் நாவுக்கு வராமற் போகும். பெயர் போன பிறகு, அது எந்தத் தரையில், எந்தக் காற்றில், எந்த மாதத்தில் கிடைக்கும் என்ற ஞானமும் போய்விடும்.

பட்டணத்தில் இருக்கும் நாம் என்ன செய்யக்கூடும்? பெரிய ஹோட்டல்களின் பட்டியலில் இதே இன மீன்கள் "ஸோல்", "ஹாலிபட்" என்று ஆங்கில வேஷத்தில் வருகின்றன. பெர்லின் வைத்தியர் காப்பாற்றிக் கொடுத்த தமிழைச் சென்னைச் சமையற்கட்டு கைவிடலாமா? மீன் வாங்கும் வீட்டார் அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது, குழந்தைகளையும் கூட அழைத்துச் சென்று, கூடையில் இருக்கும் ஒவ்வொரு மீனுக்கும் என்ன பெயர் என்று விற்கும் அம்மாளைக் கேட்கட்டும். கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லட்டும். விலை கேட்டால் சில சமயம் அந்த அம்மாளுக்குக் கோபம் வரலாம். பெயர் கேட்டால் ஒரு நாளும் வராது.