கொப்பரையைப் பற்றி எழுதினேன், கையைப் பார்க்கவில்லை

"அசல் தன்மை போய்விட்டது" என்ற தொடரை இனி என் எழுத்தில் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அம்முடிவுக்குக் காரணம் தென்கொரியாவில் உள்ள ஒரு கோழிக்கடை. மொழியியலோ, நாட்டாரியலோ, பண்பாட்டு ஆய்வோ, எத்துறையில் இருப்பினும் களப்பணி செய்கிற நண்பர்கள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். குற்றச்சாட்டு நம் அனைவர் மீதும்தான். முதல் குற்றவாளி நான்.

சியோலுக்குத் தெற்கே உள்ளது சுவோன் நகரம். 1796-இல் கட்டி முடிக்கப்பட்ட ஹ்வாசோங் கோட்டையின் தெற்கு வாயிலான பல்தல்முன்னைச் சுற்றிப் பழைய சந்தைகள் விரிந்து கிடக்கின்றன. அவற்றின் அருகே, பொரித்த கோழிக்கென்றே பெயர்பெற்ற தெரு ஒன்று உண்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன், இளங்கலை படிக்கையில், கொரிய மொழிப் பயிற்சிக்காகச் சென்றிருந்தபோது அத்தெருவின் ஒரு கடைக்கு வாரந்தோறும் போவேன். வாசலிலேயே வார்ப்பிரும்புக் கொப்பரை கொதித்துக்கொண்டிருக்கும். மெல்லிய மாவுப்பூச்சுடன் முழுக்கோழி அதில் இறங்கும். உப்பு, கடுகுச் சாந்து, காடியில் ஊறிய முள்ளங்கித் துண்டுகள், கூடவே கணக்கில் சேராத ஒரு கைப்பிடி பொரித்த இரைப்பை. ஊர் திரும்பியதும் ஒரு பருவக் கட்டுரை எழுதினேன். அக்கொப்பரையை "நவீனம் தீண்டாத மரபின் எச்சம்" என்று வருணித்தேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

சென்ற குளிர்காலத்தில் ஒரு கருத்தரங்கிற்காகக் கொரியா சென்றபோது அக்கடையைத் தேடிப் போனேன். கடை இருந்தது, கொப்பரை இல்லை. அதன் இடத்தில் வெப்பத்தைத் தானே அளந்துகொள்ளும் எஃகுப் பொரிகலன். மேசையில், விரலால் தொட்டு உணவு கேட்கும் திரை. விலை ஏறியிருந்தது. முதல் கவளத்திலேயே "பழைய சுவை இல்லை" என்று மனம் தீர்ப்பெழுதிவிட்டது. இப்போது யோசித்தால், நாக்கு அத்தீர்ப்பை வழங்கியதாகத் தோன்றவில்லை. கொப்பரையைக் காணாத கண்தான் வழங்கியது.

கொரிய உணவகங்களில் பரிமாறும் பெண்களை "இமோ" என்று அழைப்பதுண்டு. தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் உறவுச்சொல் அது. நம்மூர்க் கடைகளில் "அக்கா" என்பதைப் போல. கடைக்கார இமோவிடம் கொப்பரை எங்கே என்று கேட்டேன். அவர் சட்டைக் கையை மேலேற்றினார். முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்புகள். மணிக்கட்டில் இறுகச் சுற்றிய பட்டை. "கொப்பரை நன்றாகத்தான் இருந்தது. கைதான் போய்விட்டது. இப்போது இரவில் வலியில்லாமல் தூங்குகிறேன்" என்றார். உறவு கொண்டாடி அழைத்தவரின் கையை முன்பு ஒரு கோடைக்காலம் முழுவதும் நான் பார்க்கவே இல்லை. என் கட்டுரையில் எண்ணெயின் நிறம் இருந்தது, இரும்பின் கனம் இருந்தது, அதைத் தூக்கியவர் இல்லை.

சரி, நாம் போற்றும் அம்மரபின் வயதுதான் என்ன? கொரியர்கள் நெடுங்காலமாகக் கோழியைப் பெரும்பாலும் வேகவைத்தே உண்டனர். மின்னடுப்பில் சுழற்றி வாட்டிய முழுக்கோழி சியோலில் பரவியது 1960-களில். சமையல் எண்ணெய் உள்நாட்டிலேயே பெருமளவில் உற்பத்தியான 1970-களில்தான் சந்தைக் கொப்பரைகள் பெருகின. 1977-இல் துண்டு போட்டுப் பொரித்து விற்கும் கிளைக்கடை வணிகம் தொடங்கிவிட்டது. "தொன்மை" என்று நாம் உருகும் கொப்பரைக்கும் "கலப்படம்" என்று நாம் முகஞ்சுளிக்கும் கிளைக்கடைக்கும் இடையே சில ஆண்டுகளே இடைவெளி.

சொல்லிலும் இதே கதை. "தோங்தாக்" என்றால் முழுக்கோழி. பழைய சந்தைக் கடைகளின் பெயர்ப்பலகைச் சொல். "சிகின்" ஆங்கிலத்திலிருந்து வந்தது. முன்னது தூய்மை, பின்னது சிதைவு என்று சொல்லத் துடிக்கிறோம். ஆனால் கொரிய மொழியில் "சிகின்" எந்தக் கோழியையும் குறிப்பதில்லை. பொரித்த கோழியை மட்டுமே குறிக்கிறது. உயிருள்ள பறவைக்கும் பச்சை இறைச்சிக்கும் அவர்களுடைய பழைய சொல்லே நிற்கிறது. தமிழ்ப் பேச்சிலும் முற்றத்தில் மேய்வது கோழி, தட்டில் விழுவதே சிக்கன். கடன் வாங்கிய சொல்லின் பொருளைச் சுருக்கித் தன் தேவைக்கு வளைத்துக்கொள்வது மொழியின் தொழில்திறன். அச்"சிகி"னையும் பீரைக் குறிக்கும் "மேக்சு" என்ற சொல்லையும் ஒட்டிக் கொரியர்கள் உருவாக்கிய "சிமேக்" 2021-இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்குள் நுழைந்தது. இதில் யார் யாரைச் சிதைத்தார்கள்?

இன்னொரு சான்று. 2019-இல் வெளியாகி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் திரையரங்கில் கண்ட "எக்ஸ்ட்ரீம் ஜாப்" படத்தில், காவலர்கள் மாறுவேடத்தில் கோழிக்கடை நடத்துவர். சுவோனின் புகழ்பெற்ற விலா இறைச்சிக்குரிய சாந்தை அவர்கள் கோழியில் பூசி விற்பர். திரைக்கதையில் வந்த அவ்வுணவு, படம் ஓடியபின் சுவோன் தெருக் கடைகளின் பட்டியலில் ஏறியது. இன்று அதை "உள்ளூர்ச் சிறப்பு" என்று கேட்டு வாங்கி உண்கிறார்கள். இதைப் போலி என்பவர்கள், எந்த ஆண்டு முதல் ஓர் உணவு அசலாகிறது என்றும் சொல்லிவிட வேண்டும்.

என் துறைக்கு இந்நோய் புதிதன்று. மரபான கிளைமொழியியல் நாடிய தகவலாளியை 1980-இல் சேம்பர்ஸும் ட்ரட்கிலும் "நார்ம்" என்ற எழுத்துச்சுருக்கத்தால் சுட்டினர்: இடம்பெயராத, முதிய, நாட்டுப்புற ஆண். நகரத்துக்குப் போய்வந்தவர், பள்ளியில் படித்தவர், பெண்கள், இளைஞர் ஆகியோரின் பேச்சு "கலந்துவிட்டது" என்று ஒதுக்கப்பட்டது. தரவைத் தூய்மையாக வைத்துக்கொள்ள மக்களில் பெரும்பாலோரை நீக்கிய ஒரு முறையியல் அது. பாடநூலில் அதைக் கண்டித்துவிட்டு, களத்துக்குப் போனதும் நாம் அதே முதியவரைத்தான் தேடுகிறோம். மாறாதிருக்கும் கடமையைப் பிறர் மீது சுமத்திவிட்டு, அவர்களைப் பற்றி எழுதி நாம் மட்டும் பட்டத்திலிருந்து பட்டத்துக்கு நகர்கிறோம்.

"அப்படியானால் எல்லா மாற்றத்தையும் கொண்டாட வேண்டுமா?" என்று கேட்கலாம். இல்லை. 1997-இன் நிதி நெருக்கடியில் வேலை இழந்த பலர் கிடைத்த பணத்தைப் போட்டுத் திறந்தவை கோழிக்கடைகள். நெருக்கியடிக்கும் அச்சந்தையில் பல கடைகள் ஓரிரு ஆண்டுகளில் மூடப்படுகின்றன. வாடகை, மூலப்பொருள் விலை, உணவு விநியோகச் செயலிகளின் தரகு ஆகியவற்றால் ஒரு கடை அழிந்தால் அதற்காகக் கோபப்படுவது நியாயம், அது அரசியல். கடை பிழைத்து நிற்க, கொப்பரை மட்டும் போனதற்காகத் துயருறுவது ஒரு நுகர்வோனின் குறை. அக்குறையை நாம் அடிக்குறிப்புகளோடு எழுதுவதால் மட்டும் அது ஆய்வாகிவிடாது.

ஆகவே களத்துக்குப் போகும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். "இது அசலா?" என்ற கேள்வியைக் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிடுங்கள். இம்மாற்றத்தை முடிவு செய்தவர் யார், மாறாதிருந்தால் வலி யாருக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். என் பழைய கட்டுரையை மீண்டும் எடுத்து வாசித்தேன். பன்னிரண்டு பக்கங்களில் அந்த இமோ ஒரே ஒரு வாக்கியத்தில் வருகிறார். அதிலும் "கடைக்காரர்" என்று மட்டுமே. அந்தக் கட்டுரையைத்தான் இப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.