தேர்வு பிள்ளைக்கா, பள்ளிக்கா?

“அஞ்சாவதுலயும் எட்டாவதுலயும் பரிட்சை வச்சு ஃபெயிலாக்குனாத்தான் பிள்ளைங்க படிக்கும்.” திண்டிவனம் தேநீர்க் கடைகளிலும் விழுப்புரத்தைச் சுற்றியுள்ள காலனித் திண்ணைகளிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பேசுகிறவர்களில் பலர் கூலி வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம் மக்கள்தான். அவர்களை ‘விவரம் தெரியாதவர்கள்’ என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் கவலை உண்மையானது. அதற்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் நடந்தவற்றைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது. ஐந்திலும் எட்டிலும் ஆண்டு இறுதித் தேர்வு வைக்க வேண்டும். தவறியவர்களுக்குத் தனியாகப் பாடம் நடத்தி இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தவறினால் அதே வகுப்பில் நிறுத்துவதா என்பதை அரசு முடிவு செய்யலாம் என்று ஆனது. உடனே அந்த ஆண்டே தமிழக அரசு பொதுத்தேர்வை அறிவித்தது. ஆசிரியர் சங்கங்களும் கல்வியாளர்களும் கட்சிகளும் எதிர்த்தன. 2020 பிப்ரவரி 4 அன்று அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் ‘கட்டாயத் தேர்ச்சி’ முறையைக் கைவிட்டபோது, தமிழ்நாட்டில் அது தொடரும் என்று மாநில அரசு சொன்னது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதையே உறுதி செய்தது.

நம் மக்கள் தேர்வை நம்புவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1907இல் அம்பேத்கர் மெட்ரிக் தேறியபோது அவருடைய சமூகத்தார் கூடி விழா எடுத்தார்கள். பொதுத்தேர்வு விடைத்தாளைத் திருத்துகிறவர் முன்னால் நம் பிள்ளையின் பெயரோ தெருவோ இருப்பதில்லை. ஓர் எண் மட்டுமே இருக்கிறது. வகுப்பறையில் கடைசி வரிசையில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைக்கு இது சிறிய விஷயமல்ல. ஆகவே, எல்லாத் தேர்வும் நமக்கு எதிரி என்ற முழக்கம் காலனியில் எடுபடாது. எடுபட வேண்டியதும் இல்லை.

ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு வைக்கும் பொதுத்தேர்வு வேறு. அதில் அளக்கப்படுவது பெரும்பாலும் வீட்டின் நிலைமைதான். நம் மாவட்டத்து வாழ்க்கையையே பாருங்கள். தை பிறந்ததும் எத்தனை குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் கிளம்புகின்றன! இருளர் குடும்பங்களும் நம் குடும்பங்களும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போகின்றன. மழைக்காலம் நெருங்கும்போதுதான் ஊர் திரும்புகின்றன. பள்ளியில் ஆண்டுத் தேர்வு நடக்கும் ஏப்ரலில் அந்தப் பிள்ளை சூளையில் கல் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும். அங்கே பொதுத்தேர்வு என்பதற்கு ஒரே பொருள்தான்: பெயர் நீக்கம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் எழுத்தறிவு ஏறத்தாழ 72 விழுக்காடு. தமிழ்நாட்டின் அளவு 80. அதே கணக்கில் மாவட்ட மக்களில் சுமார் 29 விழுக்காட்டினர் தலித்துகள். இந்த மண்ணில் ஒரு பிள்ளையை ஐந்தாம் வகுப்பில் ஓராண்டு நிறுத்தினால், அந்தப் பிள்ளை மறுபடி அதே வகுப்பில் உட்காரும் என்று நினைப்பது கற்பனை. பையன் வேலைக்குப் போவான். பெண்பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள்.

சரி, ‘ஆல் பாஸ்’ போட்டால் போதுமா? போதாது. எட்டாவது முடித்தும் தமிழ்ப் பத்தி ஒன்றைத் தடுமாறாமல் படிக்க முடியாத பிள்ளைகள் நம் தெருவில் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு பத்தாம் வகுப்பில் ஒரேயடியாகத் தீர்க்கப்படுகிறது. பெற்றோரின் கோபம் இதைப் பார்த்து எழுவதுதான். ஆனால் எட்டு ஆண்டு பாடம் சொல்லித்தந்த அமைப்பு தப்பித்துக்கொள்ள, தண்டனை மட்டும் பிள்ளை தலையில் விழுகிறது.

சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை என்று 24ஆவது பிரிவு சொல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், ஒடுக்கப்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும், குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 21ஆவது பிரிவு சொல்கிறது. தேர்ச்சி நிறுத்தம் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். இந்த இரண்டு பிரிவுகளைப் பற்றி யார் பேசுகிறோம்?

தேர்வு வேண்டும் என்றால் பள்ளிக்கு வையுங்கள். மூன்றாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கூட்டல் கழித்தல் போடவும் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அந்தப் பள்ளியில் ஆசிரியர் எத்தனை பேர், ஒருவரே எத்தனை வகுப்பைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். தேசிய அளவிலும் மாநில அளவிலும் அடைவுத் தேர்வுகள் நடத்துகிறார்கள். அவற்றில் தெரிந்த குறைகளைப் பெற்றோருக்குப் புரியும்படி பள்ளியில் சொல்ல வேண்டாமா? கொரோனா காலத்து இழப்பை ஈடுகட்ட வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபரில் நம் மாவட்டத்து மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. தெருவுக்கே பாடம் வர முடியும் என்று காட்டிய திட்டம் அது. சூளைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே தங்கிப் படிக்கப் பருவகால விடுதியும், போன இடத்தில் பாடமும் கிடைக்கச் செய்வதும் முடியாத காரியமல்ல.

பெற்றோர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கூலி போனாலும் பரவாயில்லை என்று போங்கள். “என் பிள்ளை பாஸா?” என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். “என் பிள்ளைக்குப் படிக்க வருகிறதா, வராவிட்டால் என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதியதைப் படித்துக்காட்டுங்கள்.