பலகை வைத்து மறைக்கிறார்கள்!

“கடவுள் இல்லை என்றவர்கள் கடைசியில் ஒரு பிணத்துக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள்!” மாஸ்கோவிலுள்ள லெனின் சமாதியைப் பற்றி முதலாளித்துவப் பத்திரிகைகள் ஓயாமல் பாடிவரும் பல்லவி இது. மில் வாசலிலும் சில மேதாவிகள் இதைச் சொல்லி நம் தோழர்களைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். நடந்தது என்ன?

1924 ஜனவரி 21ந் தேதி லெனின் மறைந்தார். கட்டடக் கலைஞர் ஷூசெவ் அவசரமாக அழைக்கப்பட்டார். புரட்சிக்கு முன்பு மாதா கோயில்கள் கட்டிப் பேர் வாங்கியவர் அவர். செஞ்சதுக்கத்தின் மண் பனியில் உறைந்து பாறையாகக் கிடந்தது. வெடி வைத்துத்தான் பெயர்த்தார்கள். 27ந் தேதி அடக்கத்துக்குள் மரத்தாலான ஒரு சிறு கூடம் எழுந்துவிட்டது. தற்காலிக ஏற்பாடுதான். ஆனால் ஜனங்கள் சாரிசாரியாக வந்துகொண்டே இருந்தார்கள். அதே ஆண்டில் இன்னொரு கூடம் கட்டினார்கள், அதுவும் மரமே. இன்றுள்ள கல் கட்டடம் 1929ல் தொடங்கி 1930ல் முடிந்தது.

கோபுரமா, ராஜகோபுரமா? உயரம் சுமார் 12 மீட்டர். பக்கத்திலே நிற்கும் கிரெம்ளினின் ஸ்பாஸ்கயா கோபுரமோ 71 மீட்டர்! படிப்படியாக ஏறும் சிவப்புக் கருங்கல். இடையிடையே கறுப்புக் கல். வாசலுக்கு மேலே ஒரே கல்லில் ‘லெனின்’ என்ற பெயர். சுமார் 60 டன் எடையுள்ள அந்தக் கல் உக்ரேன் நாட்டுச் சுரங்கத்தில் வெட்டியது. (உக்ரேனை உருவாக்கியதே லெனின் செய்த குற்றம் என்று புடின் 2022 பிப்ரவரியில் பேசினாரே, அவர் அந்தக் கல்லைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.)

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். லெனினின் துணைவியார் குரூப்ஸ்கயா இதை விரும்பவில்லை. அவர் பெயரால் நினைவுச் சின்னமும் மாளிகையும் வேண்டாம், குழந்தைக் காப்பகமும் வீடும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கட்டுங்கள் என்று 1924 ஜனவரி 30ந் தேதி ‘பிராவ்தா’வில் எழுதினார். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடும் தாய்க்குத் தெரியும், அந்த அம்மையார் எதைக் கேட்டார் என்று. அவர் சொன்னதே சரி என்பது என் கருத்து. தலைவனைச் சாமியாக்கினால் கேள்வி கேட்கும் பழக்கம் போய்விடும். அதனால் நம் இயக்கம் பட்ட நஷ்டம் கொஞ்சமல்ல.

ஆனால் இன்று ‘சமாதியை அகற்று’ என்று கூச்சலிடுகிறவர்கள் குரூப்ஸ்கயாவின் சீடர்களா? 1991க்குப் பிறகு மக்கள் சொத்தாக இருந்த ஆலைகளையும் எண்ணெய்க் கிணறுகளையும் ஒரு கைப்பிடிக் கூட்டம் சுருட்டிக் கொண்டதே, அப்போது காப்பகத்துக்காகவும் பள்ளிக்கூடத்துக்காகவும் இவர்கள் வாய் திறந்தார்களா?

1941 நவம்பர் 7ந் தேதி ஹிட்லர் படை மாஸ்கோவை நெருங்கி நின்றது. செஞ்சேனை வீரர்கள் இந்தச் சமாதியின் முன்னால் அணிவகுத்து, அங்கிருந்து நேரே போர்முனைக்குப் போனார்கள். வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு லெனின் உடல் அங்கே இல்லை! பாதுகாப்புக்காக ஜூலையிலேயே தியுமென் நகருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கூடம் காலி. வீரர்கள் பிணத்தைக் கும்பிடவா போனார்கள்? 1945 ஜூன் 24ந் தேதி, பிடிபட்ட 200 நாஜிக் கொடிகளை இதே சமாதியின் காலடியில் வீசியெறிந்தார்கள்.

பல ஆண்டுகளாக, ஒவ்வொரு மே 9ந் தேதியும் அதே சதுக்கத்தில் அதே வெற்றியைக் கொண்டாடுகிறார்கள் மாஸ்கோவின் புதிய எஜமானர்கள். அணிவகுப்புக்கு முன்பு ஆட்களை விட்டுச் சட்டமடித்து, பலகையும் துணியும் கட்டி, அந்தக் கட்டடத்தை முழுக்க மூடிவிடுகிறார்கள். கொடி விழுந்த இடம் வேண்டுமாம், வாசலில் உள்ள பெயர் மட்டும் ஆகாதாம். ருஷ்ய மொழியில் அது ஐந்தே எழுத்து, ஐயா! அணுகுண்டு வைத்திருக்கும் சர்க்காருக்கு அதைக் கண்டு என்ன பயம்?