நிறம் நீங்கினால் போதுமா?

ஓடும் ஆற்றில் ஒளூச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நாமோ திருப்பூர் நொய்யலைச் சாயக் கால்வாயாக்கினோம். பாசனத்திற்கென 1992-இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று; 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது.

நாம் வீசியெறியும் தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, மிகு வெப்பத்தில் நீராவி செலுத்தினால் எண்ணற்ற நுண்துளைகள் தோன்றும். ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர்! அப்பரப்பு சாயத்தைப் பற்றிக்கொள்ளும். எனினும், நிறம் நீங்குமேயன்றி, கரைந்த உப்பு நீங்காது. சாயம் உண்ட கரியும் புதுக் கழிவாகும். தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. உப்பையும் பிரித்த பின்னரே அது உழவருக்கு உதவும். நீர் இறைவனின் அமானிதம். பெற்றவாறே திருப்பித் தருவது நம் கடன்.