படமாகப் போன ஸ்லைடைத் திருத்த முடியாது!

இரவு 11 மணி. வீட்டிலிருந்தே டிசைன் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருவர், 12 ஸ்லைடுகளை முடித்து அனுப்பிவிட்டு அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தார். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது.

“மேடம், மூணாவது ஸ்லைடுல 48-ஐ 52-ன்னு மாத்தணும். எங்க தொட்டாலும் மொத்தமா நகருதே தவிர, எழுத்து மட்டும் பிடிபட மாட்டேங்குது. காலையில 10 மணிக்கு மீட்டிங்!”

கோப்பு என்னவோ பவர்பாயின்ட் கோப்புதான். ஆனால், உள்ளே இருந்தவை 12 படங்கள். டிசைனை பி.என்.ஜி படமாகச் சேமித்து, ஸ்லைடுக்கு ஒன்றாக ஒட்டியிருந்தார். பார்க்க அழகாக இருந்தது. திருத்தத்தான் வழியில்லை. ஒரே ஓர் எண்ணுக்காகச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மறுபடியும் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

கல்லூரி புராஜெக்ட், கடை விளம்பரம், அறக்கட்டளையின் ஆண்டறிக்கை என்று எங்கேயும் நடக்கிற கதைதான் இது.

கோலமும் போட்டோவும்

வெக்டர் டிசைன் என்பது புள்ளிக்கோலம் மாதிரி. எத்தனை புள்ளி, எந்தப் புள்ளியிலிருந்து எங்கே கோடு என்ற கணக்குதான் அதில் இருக்கிறது. கணக்கு தெரிந்தால் சின்ன வாசலுக்கும் போடலாம், தெருவை அடைத்தும் போடலாம். ஒரு கோட்டை மட்டும் மாற்றவும் செய்யலாம். அதே கோலத்தைப் போட்டோ எடுத்தால், பெரிதாக்கும்போது மங்கிவிடும். கோட்டைத் தனியாகத் தொடவே முடியாது. எஸ்.வி.ஜி என்பது கோலக் கணக்கு. பி.என்.ஜி, ஜேபெக் எல்லாம் போட்டோ.

பவர்பாயின்ட்டின் பி.பி.டி.எக்ஸ் கோப்பும் ஒரு கணக்குப் புத்தகம்தான். 2007 பதிப்போடு வந்த இந்த வகைக் கோப்பு, உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். எந்தப் பெட்டி எங்கே, என்ன நிறம், என்ன எழுத்து என்ற விவரமெல்லாம் அதற்குள் எழுதப்பட்டிருக்கும். அந்த எழுதும் முறை பொதுத் தரநிலையாக வெளியிடப்பட்டதால், கேன்வா, கூகுள் ஸ்லைட்ஸ், லிப்ரே ஆபிஸ் என மற்ற மென்பொருள்களும் இந்தக் கோப்பை உருவாக்குகின்றன.

ஆக, ஒரு கணக்கை இன்னொரு கணக்காக மாற்ற முடியும். நடுவில் போட்டோ எடுக்காமல் இருந்தால் போதும்.

மாற்றும் வழி

கேன்வாவில் வேலை செய்தவர்களுக்குச் சுலபம். டவுன்லோடு செய்யும்போது பி.பி.டி.எக்ஸ் வகையைத் தேர்ந்தெடுத்தால் ஆயிற்று. இல்லஸ்ட்ரேட்டர், இன்க்ஸ்கேப்பில் வரைபவர்கள் எஸ்.வி.ஜியாகச் சேமிக்க வேண்டும். வரையும் பலகையை முதலிலேயே 1280-க்கு 720 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், 16:9 அகலத்திரை ஸ்லைடோடு விகிதம் பொருந்திவிடும்.

அந்த எஸ்.வி.ஜியை ஸ்லைடில் ‘இன்சர்ட்’ செய்து, ‘கிராபிக்ஸ் ஃபார்மேட்’ பகுதியில் உள்ள ‘கன்வெர்ட் டு ஷேப்’பைத் தட்ட வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365-லும் 2019 பதிப்பிலும் இந்த வசதி உண்டு. அதன்பின் வட்டம், கட்டம், அம்புக்குறி எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். நிறத்தை மாற்றலாம், நகர்த்தலாம், அழிக்கலாம்.

மூன்று கண்ணிகள்

முதலாவது, வரைபடம். டிசைனில் வரைந்த பார் சார்ட் ஸ்லைடுக்கு வந்தபின் வெறும் செவ்வகங்கள்தான். 48-ஐ 52 என்று திருத்தினால் எண் மாறும். தூண் அங்கேயே நிற்கும். பார்ப்பவருக்கு எண் ஒன்று சொல்லும், படம் வேறொன்று சொல்லும். மாறக்கூடிய கணக்கு எதுவானாலும், பவர்பாயின்ட்டின் சொந்த ‘சார்ட்’ வசதியிலேயே போட்டு, நிறத்தை மட்டும் டிசைனுக்கு ஏற்ப வைப்பது நல்லது.

இரண்டாவது, மங்கலான நிழல், ஒளிக்கசிவு போன்ற அலங்காரங்கள். உருவமாக மாற்றும்போது இவை சிதையலாம், காணாமலும் போகலாம். யாரும் திருத்தப்போகாத பின்னணி என்றால், அதை மட்டும் படமாகவே வைக்கலாம்.

மூன்றாவதுதான் பெரிய தலைவலி, எழுத்து. அவுட்லைனாக மாற்றிவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் அழகு குலையாது. ஆனால், ‘அ’ என்பது எழுத்தாக இல்லாமல் ‘அ’ வடிவ ஓவியமாகிவிடும். எழுத்தாகவே விட்டால் திருத்தலாம். ஆனால், வாங்குபவரிடம் அதே ஃபான்ட் இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்திருந்தால், ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடித்தால் அந்தப் பயமில்லை. உருவம் மாறினாலும் தமிழ் தமிழாகவே இருக்கும். ஆனால், வேறு ஃபான்ட் வந்து உட்காரும்போது வரி நீண்டு பெட்டிக்கு வெளியே வழியலாம்.

அதனால், தலைப்பு, பத்தி, எண் எல்லாவற்றையும் ஸ்லைடிலேயே டெக்ஸ்ட் பெட்டி போட்டு, யூனிகோடில் புதிதாக அடிப்பதே பாதுகாப்பு. விண்டோஸோடு வரும் நிர்மலா யு.ஐ, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை போதும். பெட்டியில் கொஞ்சம் இடமும் விட்டுவைக்க வேண்டும். வேறு ஃபான்ட்தான் வேண்டும் என்றால், அதன் உரிமம் இடம் கொடுக்கும்பட்சத்தில், சேமிப்பு அமைப்புகளில் உள்ள ‘எம்பெட் ஃபான்ட்ஸ்’ வசதியால் கோப்போடு சேர்த்து அனுப்பலாம். அதில் ‘எல்லா எழுத்துகளும்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான், வாங்குபவர் புதிய சொற்களை அடிக்கும்போதும் அதே ஃபான்ட் கிடைக்கும்.

எதைத் திறப்பது, எதைப் பூட்டுவது?

எல்லாவற்றையும் திறந்துவைப்பதும் ஆபத்து. கை தவறி லோகோ சப்பையாகிவிடும். லோகோ, ஓரப்பட்டை போன்றவற்றை ‘ஸ்லைடு மாஸ்டர்’ பகுதியில் வைத்துவிட்டால், சாதாரணமாகத் திருத்தும்போது கை அவற்றில் படாது.

வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “இதுல அடுத்த மாசம் எதெல்லாம் மாறும்?” அதற்கு வரும் பதிலில் இருப்பவை எழுத்தாகவும் சார்ட்டாகவும் இருக்கட்டும். மற்றவை வடிவமாகவோ படமாகவோ இருக்கலாம்.

திருத்தக்கூடிய ஸ்லைடு செய்ய நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அதற்கான கூலியையும் அப்போதே பேசிவிட வேண்டும். ‘திருத்த முடியாமல் கொடுத்தால் மறுபடி நம்மிடம்தானே வருவார்கள்’ என்று நினைப்பவர்களும் உண்டு. வருவார்கள், ராத்திரி 11 மணிக்கு!

அந்தப் பெண் இப்போது கோப்பை அனுப்பும் முன் ஒன்று செய்கிறார். அதைத் தன் செல்போனில் திறந்து, மூன்றாவது ஸ்லைடின் எண்ணை இரண்டு முறை தட்டிப் பார்க்கிறார். கர்சர் கண் சிமிட்டினால் அனுப்புகிறார். பிறகு நிம்மதியாகச் சாப்பிட உட்காருகிறார்.