விசில் அடிக்காத குக்கர்

நம் சமையலறைகளில் நேரத்தைச் சொல்வது கடிகாரம் அல்ல, விசில். பருப்புக்கு நாலு, உருளைக்கிழங்குக்கு மூன்று என்று கணக்கு தலைமுறை தலைமுறையாக வருகிறது. இப்போது விசிலே அடிக்காத மின்சார பிரஷர் குக்கர் கடைகளில் வரிசையாக நிற்கிறது. சீனாவில் 1991-ல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட இந்தச் சாதனம், 2010-ல் கனடாவிலிருந்து 'இன்ஸ்டன்ட் பாட்' வந்த பிறகுதான் உலகெங்கும் பிரபலமானது. இரவு எட்டு மணிக்கு வேலையிலிருந்து திரும்புகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம் என்கிறார் கடைக்காரர். பணத்தை எடுத்து வைக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு.

பெட்டியில் 'பருப்பு 8 நிமிடம்' என்று போட்டிருக்கும். அந்த எட்டு நிமிடம் தொடங்குவதே உள்ளே அழுத்தம் ஏறிய பிறகுதான். ஏறுவதற்குப் பத்து நிமிடம், தானாக இறங்குவதற்கு இன்னொரு பத்து. ஆக, அரை மணி நேரம். கேஸ் அடுப்பில் வைக்கும் குக்கருக்குள் வெப்பம் சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரை போகும். மின்சார குக்கர்களில் பெரும்பாலானவை சற்றுக் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்வதால், அவற்றில் வெப்பமும் சில டிகிரி குறைவு. எனவே அவசரம்தான் முக்கியம் என்றால் பழைய குக்கரே ஜெயிக்கும்.

பிறகு எதற்கு இது? அடுப்படியில் நிற்க வேண்டாம் என்பதற்காக. அரிசியையும் பருப்பையும் வைத்து பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போகலாம். குழந்தையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கலாம். வெந்ததும் தானே நின்று, சூடும் ஆறாமல் வைத்திருக்கும். கேஸ் இணைப்பு இல்லாத வாடகை அறையில் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும், அடுப்பை அணைக்க மறந்துவிடும் முதியவர்களுக்கும் இது உண்மையிலேயே உதவும். வீட்டில் கேஸும் இருந்து, அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் தேவையில்லை.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் முதலில் அளவைப் பாருங்கள். இரண்டு பேருக்கு 3 லிட்டர், நாலைந்து பேருக்கு 5 அல்லது 6 லிட்டர். எந்தக் குக்கரையும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரைத்துப் பொங்கும் பருப்பு வகைகள் என்றால் பாதிதான். அடுக்கில் சோறும் பருப்பும் சேர்த்து வைக்கும் வழக்கம் உண்டென்றால், வீட்டிலுள்ள பாத்திரங்களின் அகலத்தையும் உயரத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

உள்பாத்திரம் எவர்சில்வரில் இருப்பது நல்லது. புளியும் கரண்டியும் தினமும் புழங்கும் நம் சமையலில் நான்-ஸ்டிக் பூச்சு நெடுநாள் தாங்காது. மூடியிலுள்ள சிலிகான் கேஸ்கட் மசாலா வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நேற்றைய கறிக்குழம்பு இன்றைய பாயசத்தில் மணக்கும். கேஸ்கட் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் ஊரில் தனியாகக் கிடைக்குமா என்பதை விலை பேசுவதற்கு முன்பே கேளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு பொத்தான்களைக் கண்டு மயங்க வேண்டாம். நிமிடத்தை நாமே வைத்துக்கொள்ளும் வசதி, தாளிப்பதற்கு ஒன்று, சூடாக வைத்திருக்க ஒன்று. இவை மூன்றும் போதும்.

மற்றவற்றில் இரண்டு பொத்தான்களிடம் எச்சரிக்கை தேவை. ஒன்று, பல மணி நேரம் கழித்துச் சமையலைத் தொடங்குவது. காலையில் போட்டுவிட்டுப் போகும் ஊறவைத்த பருப்பு, நாக்பூர் வெயிலில் மாலைக்குள் புளித்துப்போகும். இறைச்சியை இப்படி வைக்கவே கூடாது. மற்றது, மெதுவாகச் சமைப்பது. ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் உண்டு. ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குறைந்தது 10 நிமிடம் கொதிக்கவிட்டால்தான் அது அழியும். பிரஷரில் நன்றாக வேகவைத்தால் பயமில்லை. மிதமான சூட்டில் அரைவேக்காடாக இருந்தால் வாந்தியும் பேதியும் வரலாம்.

மின்சாரச் செலவு பயப்படும்படி இல்லை. 1,000 வாட் குக்கர் அரை மணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் அரை யூனிட்தான். ஆனால் வீடுகளில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் வைத்திருக்கும் சிறிய இன்வர்ட்டர் இதைத் தாங்காது. மின்வெட்டு உள்ள ஊர்க்காரர்கள் பழைய குக்கரைப் பரணில் ஏற்றிவிட வேண்டாம். மிக்ஸியும் ஃபிரிட்ஜும் மாட்டியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இதையும் செருகாமல், சுவரிலுள்ள பிளக்கில் தனியாக மாட்டுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவரும் குக்கர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது.

அடுப்பில் வைக்கும் குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். அது இல்லாத குக்கர்கள் தங்கள் தளத்தில் விற்க இடம் கொடுத்ததற்காக, 2022-ல் பெரிய இணைய வணிக நிறுவனங்களுக்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதித்தது. மின்சார குக்கரிலும் அந்த முத்திரையைத் தேடிப் பார்த்து, ரசீதோடு வாங்குங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. விசிலை எண்ண வீட்டில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அது பெரும்பாலும் யார் என்று சொல்லத் தேவையில்லை. இந்தக் குக்கருக்கு அந்த ஆள் வேண்டாம். வீட்டுக்கு முதலில் வந்து சேர்கிறவர் அரிசியைக் களைந்து போட்டு, பொத்தானை அழுத்தினால் போதும். அதற்கும் மனைவி வரும்வரை காத்திருப்பீர்கள் என்றால், கொடுத்த பணம் தண்டம்.